வேறொருத்தியின் முகத்தை அச்சடித்தேன்

இறந்துபோன ஒரு பெண்ணின் கல்வெட்டில் நான் வேறொரு பெண்ணின் முகத்தை அச்சடித்துக் கொடுத்தேன். அது கைப்பிழையாக நடந்ததல்ல, தெரிந்தே செய்தேன். அவளுடைய கணவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது அவள் முகம் மாதிரி இல்லையே என்று கேட்டார். பிழை அவருடைய கண்ணில்தான் என்று சொன்னேன். அவர் நம்பினார்.

முப்பது வருடங்களுக்கு மேல் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் போய்விட்டாள். இப்போது எழுதுகிறேன்.

கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், அதன் கீழே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, உள்ளே வம்சம், பிள்ளைகளின் புலம்பல், சில தேவாரங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றங்களுக்கு வந்து வயல் செய்த குடும்பங்கள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் இருந்த என் அச்சகத்துக்குக் கல்யாண அழைப்பிதழைவிடக் கல்வெட்டு வேலைதான் அதிகம் வரும். அச்சகம் மாமனாருடையது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த என்னிடம் அதைத் தந்தார். தளை தட்டாமல் வெண்பா எழுதுகிற அச்சகக்காரன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அந்த மனிதர் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒரு கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்தவர். மனைவி மலேரியாக் காய்ச்சலில் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. மலையகத்து ஆட்களிடம் கல்வெட்டு அடிக்கும் வழக்கம் கிடையாது. அதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"உங்கட ஆக்களுக்கு இது தேவையில்லையே. வீண் செலவு."

கதிரையைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. "இங்கன எல்லாருக்கும் அடிக்கிறாங்க ஐயா. பக்கத்து வூட்டுப் பெரியம்மாவுக்கும் அடிச்சாங்க. இவளும் இந்த மண்ணுலதானே செத்தா. இவளுக்கும் ஒண்ணு இருக்கட்டும். புள்ள பெருசானா அம்மா மொகத்தப் பாக்கணும்ல."

சட்டைப்பைக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தார். கல்யாணமான புதிதில் வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அவர் கதிரையில் இருக்கிறார், அவள் பக்கத்தில் நிற்கிறாள்.

"இது ஒண்ணுதாங்க இருக்கு. பத்திரமா தந்துருங்க."

"என்னட்டைத் தந்தால் பாங்கில போட்ட மாதிரி" என்றேன்.

ஈய எழுத்தில் அச்சடித்த காலம் அது. எழுத்தை நாங்கள் கையால் கோத்துவிடலாம், படத்தைக் கோக்க முடியாது. படத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்துத் துத்தநாகத் தகட்டில் அரித்து, அந்தத் தகட்டை ஒரு மரக்கட்டையில் அறைந்து தருவார்கள். அதைத்தான் பிளாக் என்போம். எழுத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து முடுக்கி, மை தடவி, மெஷினைக் காலால் மிதித்தால் முகம் காகிதத்தில் விழும். பிளாக் செய்யும் இடம் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தது. சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததால், கடலேரியில் வள்ளத்தில் போய்வரும் ஒரு வியாபாரியிடம்தான் படங்களைக் கொடுத்தனுப்புவேன். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போவார்.

படம் என்னிடம் வந்து நாலைந்து நாளில் அந்த வியாபாரி வந்தார். நான் ஒரு கல்யாண அழைப்பிதழின் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பிளாக்கின் அளவு எழுதி, கணவரின் உருவத்தை மறைக்கக் கோடு போட்டு, உறையில் வைத்துக் கொடுக்கக் கால் மணித்தியாலம் வேண்டும். "அடுத்த முறை தாறன்" என்று அவரை அனுப்பிவிட்டேன். அடுத்த முறை என்றால் முப்பத்தோராம் நாளுக்கு மட்டுமட்டாக வந்து சேரும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அந்த மனிதருக்காக என் கால் மணித்தியாலத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, அளவு எடுப்பதற்காகப் படத்தை வெளியே எடுத்து, எழுத்துகளை அடுக்கும் கல்மேசையில் வைத்திருந்தேன். அச்சடித்து முடிந்த எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவுவதுதான் வழக்கம். மண்ணெண்ணெய் அப்போது விளக்குக்கே இல்லை. சோடாக்காரம் கரைத்த தண்ணீரைத் தட்டத்தில் ஊற்றிக் கழுவினோம். அந்தத் தட்டத்தைக் கல்மேசையில் இழுத்தபோது சரிந்தது. நான் எழுத்துகளைத்தான் பார்த்தேன். எழுத்துகளைத் தூக்கி வைத்து, மேசை ஓரத்தைத் துடைத்து வரும்போதுதான் படம் தண்ணீருக்குள் கிடப்பதைக் கண்டேன்.

எடுத்துத் துணியால் ஒற்றினேன். ஒற்றியிருக்கக் கூடாது. சோடாக்காரம் படத்தின் மேல்தோலைக் களியாக்கிவிட்டிருந்தது. துணியோடு அது பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் முகம், அவர் முகம், பின்னால் இருந்த திரை எல்லாம் துணியில் ஒரு சாம்பல் நிறக் கறையாக இருந்தன. காகிதத்தில் அடியில் ஒரு விரல்கடை மட்டும் மிஞ்சியது. கதிரைக்கால்களும் நான்கு பாதங்களும்.

அந்தப் படத்துண்டை நான் அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு செய்தவற்றையெல்லாம் நிதானமாகவே செய்தேன். அச்சகத்து அலுமாரியில் பழைய பிளாக்குகள் இருந்தன. ஆண்டுத் திவசத்துக்குத் தேவைப்படும் என்று சொல்லுவோம், ஆனால் வீட்டுக்காரர் அநேகமாக எடுத்துப்போக மாட்டார்கள். அவற்றில் முரசுமோட்டைக் கமக்காரர் ஒருவரின் மனைவியுடைய பிளாக் இருந்தது. சில வருடங்களுக்கு முன் இறந்தவர், வயது ஏறக்குறைய ஒன்றுதான். துணுக்காய்ப் பக்கத்தில் அவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பிளாக்கின் ஓரங்களை அரத்தால் ராவி வட்டமாக்கினேன். மையை வேண்டுமென்றே கூடக் கொடுத்தேன், முகம் கறுத்து அடையாளம் குழம்பட்டும் என்று. காகிதம் கிடைக்காத காலம், கோடு போட்ட பள்ளிக் கொப்பித் தாளில்தான் அடித்தேன். முகத்துக்குக் குறுக்கே மெல்லிய நீலக் கோடுகள் ஓடின. அதுவும் எனக்கு உதவியாக இருந்தது. வெண்பாவில் மட்டும் ஒரு குறை வைக்கவில்லை. கடைசி அடியில் ஒரு சீர் சரிவராமல் அரை நாள் இருந்து திருத்தினேன்.

முப்பதாம் நாள் காலை அவர் வந்தார். முதல் பக்கத்தைத் திறந்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஐயா, இது அவ மொகம் மாதிரி இல்லீங்களே."

"பிளாக்கில அப்பிடித்தான் வரும். படத்தைப் புள்ளியாக்கித்தான் அடிக்கிறது. மையும் இப்ப நல்ல மை இல்லை."

"மூக்குத்தி போட்டிருந்தா ஐயா. இதுல காணோம்."

"மூக்குத்தியெல்லாம் பிளாக்கில விழாது."

"அப்படீங்களா." திரும்பவும் பார்த்தார். "நெத்தி இம்புட்டு இருக்காது..."

"ஒரு மாசமா அழுத கண். கொஞ்ச நாள் போக எடுத்துப் பாருங்கோ, சரியாத் தெரியும்."

அவர் புத்தகத்தை மூடினார். பிறகு, "படிச்சவங்க நீங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் புத்தகக் கட்டைத் தூக்கினார். அதில் குத்தல் எதுவும் இல்லை. மூலப்படம் யாழ்ப்பாணத்தில் பிளாக் செய்த இடத்தில் இருக்கிறது, அடுத்த முறை வரும் என்றேன். அதற்காக இரண்டு தடவை துணுக்காயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார். மூன்றாவது தடவை வரவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

முரசுமோட்டை வாத்தியார் ஒருவருக்கு இப்படிச் செய்திருப்பேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். செய்திருக்க மாட்டேன். படம் பழுதாகிவிட்டது, மன்னியுங்கள் என்று அவருடைய வீட்டுக்கே போய் நின்றிருப்பேன்.

பிறகு வந்த வருடங்களை இங்கே விரிக்கத் தேவையில்லை. போரில் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் நடந்ததுதான். கடைசியாக ஊருக்குத் திரும்பியபோது கூரை இல்லாத அச்சகத்தில் மெஷினின் பெரிய சக்கரம் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. ஈய எழுத்துகளை யாரோ உருக்கி வலைக்கு மணியாக்கிக் கடற்கரையில் விற்றதாகச் சொன்னார்கள். எனக்குப் பெரிய கவலை வரவில்லை. வவுனியாவில் ஓப்செற் அச்சகம் ஒன்றில் சில வருடம் பிழைதிருத்துநராக இருந்தேன். அங்கே பிளாக் இல்லை. படமும் எழுத்தும் ஒன்றாக ஒரே தகட்டில் ஏறின. அதற்குப் பிறகு கணினி வந்தது, தகடே இல்லாமல் போனது. இப்போது என் மகள் கிளிநொச்சியில் நடத்தும் கடையில் யாரோ கைத்தொலைபேசியில் அனுப்பும் படம் ஒரு நிமிடத்தில் கலரில் வெளியே வருகிறது. பழைய அச்சகத்துக்காக நான் ஏங்கியதில்லை. ஈயத்தூசியும் முதுகுவலியும் யாருக்கு வேண்டும்? ஆனால் ஒவ்வொரு புதிய மெஷினையும் முதன்முதல் பார்க்கும்போது எனக்கு ஒரே நினைவுதான் வரும். இது அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் படத்தை அவர் கண்முன்னாலேயே ஒரு பிரதி எடுத்துவிட்டு, அப்போதே கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஏக்கம் என்றால் எனக்கு அந்த ஒரு கிழமைதான். படம் என் மேசையில் முழுதாக இருந்த அந்த ஒரு கிழமை.

போன வருடம் ஒரு நாள் காலை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கடைக்கு வந்தாள். துணுக்காய்ப் பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியை என்றாள். அப்பா இறந்து இருபது நாள், கல்வெட்டு அடிக்க வேண்டும், கலரில் வேண்டும், முன்பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். அப்பாவின் படம் தொலைபேசியில் இருந்தது. அம்மாவின் படத்துக்காக ஒரு கோப்பைத் திறந்து, பிறப்புப் பத்திரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு தாளை எடுத்தாள். கோடு போட்ட கொப்பித் தாள்.

"இதுதான் அம்மா. இது ஒண்டுதான் இருக்குது. செட்டிகுளம் முகாமிலயும் இதைத்தான் மடிக்குள்ள வச்சிருந்தனான். சின்ன வயசில வெள்ளம் வந்த நாள் அப்பா என்னைத் தூக்கினார், நான் இதைத் தூக்கினன்."

என் மகள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்து அடியில் இருந்த சிறிய எழுத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"ஐயோ, இது எங்கட பிரஸ்! அப்பா, இஞ்ச வந்து பாருங்கோ, நீங்கள் அடிச்சது."

அந்தப் பெண் எழும்பி என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"நீங்களோ ஐயா? உங்களாலதான் எனக்கு அம்மாவின்ர முகம் தெரியும்."

நான் ஏதோ தலையை ஆட்டினேன்.

மகள் தாளை ஸ்கேன் செய்தாள். பழுதான படங்களைத் திருத்தும் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறாள். திரையில் முதலில் நீலக் கோடுகள் மறைந்தன. "இவ்வளவு மையை ஏன் அப்பா அப்பினீங்கள்? முகத்தில கரி பூசின மாதிரி" என்று என்னைக் கேலி செய்துகொண்டே ஏதோ அழுத்தினாள். கறுப்பு விலகியது. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தோலாகின. கண்ணுக்குள் வெளிச்சம் வந்தது. கடைசியில் நிறமும் வந்தது. முரசுமோட்டைக் கமக்காரரின் மனைவி திரையில் இருந்து என்னைப் பார்த்தார். நான் கூட்டிய மை அவரை இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தது. மெஷின் அதைத் துடைத்துவிட்டது.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா எவ்வளவு வடிவு" என்றாள். "அப்பாவுக்குக் காட்டக் கிடைக்கேல்லையே."

இரண்டு நாளில் வந்து பிழை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போகும்வரை நான் வாய் திறக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லுகிறேன்.

மத்தியானம் மகளிடம் சொன்னேன். அவள் பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டாள்.

"இப்ப சொல்லி என்ன செய்யப் போறியள்?" என்றாள். "அந்தப் பிள்ளை சந்தோசமாப் போகுது. நீங்கள் உங்கட மனப்பாரத்தை இறக்கிறதுக்கு அதின்ர அம்மாவைப் பறிக்கப் போறியளோ?"

அவள் கேட்டது நியாயம். ஆனால் இந்தத் தடவை அச்சடித்தால் அது கோடு போட்ட கொப்பித் தாளில் விழும் கறையாக இருக்காது. தெளிவான, கலரான, அழியாத பொய்யாக இருக்கும். அதுவும் அந்த மனிதரின் பக்கத்தில், அவருடைய கல்வெட்டிலேயே. அதைச் செய்ய என்னால் முடியவில்லை. அடுத்த நாள் காலை துணுக்காய் பஸ்ஸில் ஏறினேன்.

அவள் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். புரூப் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, "ஏன் ஐயா நீங்கள் அலைஞ்சனீங்கள், நான் வருவன்தானே" என்று கதிரை எடுத்துப் போட்டாள். தேத்தண்ணி போடக் குசினிக்குள் போகப் பார்த்தாள். வேண்டாம், இரு பிள்ளை என்றேன். இங்கே எழுதியதை எழுதிய வரிசையிலேயே அவளுக்குச் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையில் இருந்த மிளகாயை ஒவ்வொன்றாகச் சாக்கில் வைத்தாள்.

"அப்பா சொல்லுறவர் ஐயா" என்றாள். "சின்ன வயசிலயிருந்து சொல்லுறவர். 'அம்மாவுக்கு மூக்குத்தி இருந்துச்சு புள்ள, நெத்தி இம்புட்டு இல்ல' எண்டு. நான்தான் அவரோட சண்டை. 'அச்சில இருக்குது, உங்களுக்கு மறந்துபோச்சு. பெண்சாதியின்ர முகத்தையே மறந்திட்டீங்களே' எண்டு ஒருநாள் பேசியும்போட்டன். கடைசி ரெண்டு மூண்டு வருசம் அவர் ஒண்டும் சொல்லேல்லை. அந்தத் தாளுக்கு முன்னால நிண்டு, அதையே கும்பிட்டிட்டுப் போவார்."

நான் அந்த மனிதருக்குச் செய்ததன் முழு அளவு எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்தத் துண்டையாவது வச்சிருக்கலாமே" என்றாள். "அம்மாவின்ர கால் எண்டாலும் பாத்திருப்பன்."

பிறகு கதிரைக்கு முன்னால் வந்து நிலத்தில் இருந்தாள். "நீங்கள் அந்தப் படத்தைப் பாத்தனீங்கள்தானே? ஒரு கிழமை வச்சிருந்தனீங்கள்தானே? சொல்லுங்கோ, அம்மா எப்பிடி இருந்தவா?"

அவள் கேட்கப் போவது இதுதான் என்று பஸ்ஸில் வரும்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவளுடைய அப்பா போன பிறகு, அந்தப் படத்தைப் பார்த்த கண் உலகத்தில் என்னுடையது ஒன்றுதான். நான் கண்ணை மூடினேன். கதிரையின் முதுகைப் பிடித்திருந்த ஒரு கை வந்தது. கணவரின் தோளில் வைக்காமல் கதிரையைத்தான் பிடித்திருந்தாள், விரல்கள் இறுகி. சேலைக்கு அகலமான கரை. கால்களில் செருப்பு இல்லை, அவருக்கு இருந்தது. பின்திரை வெளிறி இருந்தது, பிளாக்குக்கு நல்லது என்று நான் நினைத்தது ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. தொழில்காரனின் கண்ணால் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்றுதான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுசியின் முகமாக அதை ஒருதரமும் பார்க்கவில்லை.

இருந்ததைச் சொன்னேன். கையை, கரையை, செருப்பில்லாத காலை. அவள் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முகம்?"

"ஞாபகம் இல்லைப் பிள்ளை."

தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கள் போங்கோ ஐயா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

முப்பத்தோராம் நாளுக்குப் பத்து நாள் இருந்தது. வவுனியாவுக்குப் போனேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை. ஸ்டூடியோக்காரரின் மகன் என்னை இருத்திப் பொறுமையாகச் சொன்னார், தகப்பன் வைத்திருந்த நெகற்றிவ் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு மழைக்காலத்தில் கறையான் தின்றுவிட்டது என்று. இறந்தவளுக்கு ஒரு தங்கை செட்டிகுளத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். அந்த அம்மா வயலிலிருந்து வந்து காலில் சேற்றோடு நின்று என் கதையைக் கேட்டார்.

"படமா? எங்ககிட்ட ஏதுங்க படம்? சோத்துக்கே வழியில்ல" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாலெழுத்து படிச்சா பொய்ய நல்லா அச்சடிக்கலாம் போல."

"ஓம் அம்மா" என்றேன்.

"எங்க அக்கா என்னய விட நெறம் கம்மி. சிரிச்சா மேல் ஈறு தெரியும். அதனாலயே வாயத் தொறக்க மாட்டா. எழுதிக்குங்க, படிச்சவருதானே." எழுதிக்கொண்டேன். தன் முகத்தைப் படம் எடுக்கவும் விட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அவளுக்காகத்தான் நிக்கிறேன், ஒங்களுக்காக இல்ல" என்றார்.

அந்தப் படத்தையும் நான் எழுதி வந்ததையும் மகள் கணினிக்குக் கொடுத்தாள். வயதைக் குறை, நிறத்தைக் குறை, மூக்குத்தி வை, நெற்றியைச் சிறிதாக்கு என்று சொல்லச் சொல்ல ஒரு முகம் வந்தது. உயிருள்ள முகம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதுதான், இதேதான் என்று என் மனம் சொல்லியது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் வந்த வேறொரு முகத்துக்கும் அது அப்படித்தான் சொல்லியது.

அந்தப் பிள்ளையை அழைத்துக் காட்டினோம். இது கணினி கற்பனை செய்தது, உன் சித்தியின் சாடையில் செய்தது, அம்மாவின் படம் அல்ல என்று முதலிலேயே சொன்னேன். அவள் திரைக்குக் கிட்டப் போனாள். விரலால் மூக்குத்தியைத் தொட்டாள். அவள் ஓம் என்று சொல்ல வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கக் கூடாது. ஓம் என்றால் என் கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

"வேண்டாம் அக்கா, அழிச்சுவிடுங்கோ" என்றாள் மகளிடம். "பிறகு இதையும் நான் கும்பிடத் தொடங்கிவிடுவன்."

கல்வெட்டின் முன்பக்கத்தில் அப்பாவின் படம் மட்டும் வந்தது. உள்ளே, அம்மாவைப் பற்றிய பக்கத்துக்கு அவளே எழுதித் தந்தாள். அப்பா சொன்னது, சித்தி சொன்னது, அச்சகத்து ஐயா சொன்னது என்று மூன்று பந்தி. மூக்குத்தி, மேல் ஈறு, கதிரையைப் பிடித்த கை. புலம்பல் இல்லை, வெண்பாவும் இல்லை. நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கொப்பித் தாளை அவள் திருப்பிக் கேட்கவில்லை. முரசுமோட்டை அம்மாவின் பேரப்பிள்ளைகளைத் தேடி, துலக்கிய படத்தை அனுப்பினோம். அவர்களிடமும் ஒரு படமும் மிஞ்சவில்லையாம். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் எடுத்து, அழுதழுது எனக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு வருடமாகிறது. மாதத்தில் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளை தொலைபேசியில் எடுப்பாள். மழை, வயல், முன்பள்ளிப் பிள்ளைகள் என்று கொஞ்ச நேரம் கதைப்பாள். எனக்கு மன்னிப்பு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கதை முடியும் இடத்தில் ஒரு கேள்வி வரும். அதற்காகத்தான் எடுக்கிறாள்.

"ஐயா, வேற ஏதும் ஞாபகம் வந்ததோ?"

போன மாதம் அவள் கேட்டபோது என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. கண் பெரிய கண் பிள்ளை, உன்னுடைய கண் மாதிரியே என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும். யாருக்கும் நட்டமில்லை. பிழை என்று சொல்ல, அந்தப் படத்தைப் பார்த்த வேறொருவரும் உயிரோடு இல்லை. அன்றைக்கு அச்சகத்தில் பிளாக்கை ராவும்போதும் நான் இதையேதான் நினைத்தேன்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "ஒண்டும் வரேல்லை."

அவளுடைய முற்றத்தில் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"சரி ஐயா" என்றாள். "வந்தால் சொல்லுங்கோ."